ஊர் பெயர் கிடைத்த பிறகு ஆர்க்கியோன்: ஜெர்மானிய முன்னோரைத் தேடுவோருக்கான மதிப்பீடு

ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் தேவாலயங்கள் பல நூற்றாண்டுகளாக எழுதிவந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கும் கட்டணத் தளம் ஆர்க்கியோன். அங்குள்ள மாநிலத் திருச்சபைகளே சேர்ந்து தொடங்கிய இத்தளம் 2015-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் குடியேறிய ஒரு ஜெர்மானியக் குடும்பத்தின் பூர்விகத்தைக் கண்டறிவதற்காக இதில் சந்தா கட்டிப் பயன்படுத்தினேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னோர் புறப்பட்ட ஊரின் பெயரை உறுதியாகத் தெரிந்துவைத்திருப்பவருக்கு இதைவிடப் பயன் தரும் தளத்தை நான் பார்த்ததில்லை. ஊர் பெயர் தெரியாமல் குடும்பப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இதில் கட்டும் பணம் வீண்.

2020-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை ஜெர்மானிய வழிவந்தவர் என்று குறிப்பிட்டோர் 4 கோடிக்கும் அதிகம். ஆகவே அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜெர்மானியப் பூர்விகம் உள்ள மருமகளோ மருமகனோ வாய்ப்பது இன்று புதிதல்ல. மிச்சிகன் மாநிலத்தில் என் மகன் பெண்ணெடுத்த குடும்பமும் அத்தகையதே. பேரனுக்குத் தந்தைவழி வரலாற்றைச் சொல்ல எங்கள் பக்கம் பெரியவர்கள் இருக்கிறார்கள். தாய்வழியிலோ சம்பந்தியம்மாவின் பாட்டனாருக்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இரு வழியும் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், சம்பந்தியம்மாவின் சம்மதத்தோடும் உதவியோடும் தேடத் தொடங்கினேன்.

அவர்கள் வீட்டில் இருந்த தடயம், பழைய பைபிளின் முன்தாளில் மையால் எழுதியிருந்த ஒரு பெயரும், அதன் கீழே வூர்ட்டெம்பெர்க் என்ற குறிப்பும் மட்டுமே. அது ஒரு நாட்டின் பெயர். 1806 முதல் 1918 வரை தனி முடியரசாக இருந்து, இன்று பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தின் ஒரு பகுதியாகிவிட்ட அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் உண்டு. அமெரிக்க ஆவணங்கள் பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடுகின்றன. வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் முதன்முறையாகப் பதிந்த 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் அதற்குப் பின் வந்தவையும் பிறந்த நாட்டைத்தான் சொல்கின்றன. குடியுரிமை ஆவணங்களும் 1906-க்கு முன்பு, வூர்ட்டெம்பெர்க் மன்னருக்குரிய விசுவாசத்தைத் துறப்பதாக ஒரு வரி எழுதி முடித்துக்கொண்டன. 1820 முதல் அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பல் தலைவர்கள் ஒப்படைத்த பயணிகள் பட்டியல்களிலும் நாட்டின் பெயருக்கு மேல் எதுவும் கிடைப்பது அரிது.

கப்பல் பட்டியல் என்றதும் பலரும் ஹாம்பர்க் பட்டியல்களைத்தான் சொல்வார்கள். 1850 முதல் 1934 வரையிலான அந்தப் பட்டியல்கள் ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்தில் பெயர்வாரியாகத் தேடக் கிடைக்கின்றன. பயணியின் தொழில், வயது ஆகியவற்றோடு அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் அவற்றில் பதிவாகியிருப்பதால், வட ஜெர்மனியிலிருந்தும் கிழக்குப் பகுதிகளிலிருந்தும் புறப்பட்டவர்களைத் தேடுவோருக்கு அவை பெரும் செல்வம். ஆனால் 1850-களின் தொடக்கம் வரை தென்மேற்கு ஜெர்மானியர் பெரும்பாலும் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகம் வழியாகவோ ஆண்ட்வெர்ப், ராட்டர்டாம் வழியாகவோ கப்பலேறினர். லெ ஆவ்ரிலிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை. லட்சக்கணக்கானோர் புறப்பட்ட பிரெமன் துறைமுகத்தின் பட்டியல்களும் அழிந்துபோய், 1920 முதல் 1939 வரையிலான காலத்துக்குரியவை மட்டுமே பெரும்பாலும் எஞ்சின. எந்தப் பகுதியார் எந்தத் துறைமுகத்தை நாடினார்கள் என்பதை அறியாமல் ஹாம்பர்க் பட்டியலில் மாதக்கணக்கில் துழாவுவோரைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

எங்களுக்கு ஊர் பெயர் கிடைத்தது மிச்சிகனிலேயே, ஒரு தேவாலயப் பதிவேட்டில். ஆன் ஆர்பர் நகரைச் சுற்றியுள்ள வாஷ்டெனா வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியரில் வூர்ட்டெம்பெர்க்காரர் மிகுதி. அவர்களுடைய ஆன்மிகத் தேவைக்காக 1833-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பாசல் மிஷன் அனுப்பிய போதகர் ஃபிரீட்ரிக் ஷ்மிட் அங்கே வந்து பல சபைகளை நிறுவினார். அதே மிஷன் அடுத்த ஆண்டில் மங்களூருக்கும் ஆட்களை அனுப்பியது என்பதையும், பின்னர் அதில் இணைந்து மலையாள அகராதி தந்தவரும் தமிழும் கற்றவருமான ஹெர்மன் குண்டர்ட் 1814-இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர் என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஒரே நிலத்திலிருந்து ஒரே காலத்தில் புறப்பட்டவர்கள் இரு திசைகளில் போயிருக்கிறார்கள். போதகர்கள் தாங்களும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்களாக இருந்ததால், இறந்தவரின் ஊரை அமெரிக்க எழுத்தரைப் போல் காதில் விழுந்தபடி எழுதாமல், சரியான எழுத்துக்கூட்டலோடு பதிந்துவைத்தனர். ஆகவே ஜெர்மானிய முன்னோரைத் தேடுவோர் கடலைத் தாண்டுவதற்கு முன், அந்த முன்னோர் அமெரிக்காவில் சென்ற தேவாலயத்தின் அடக்கப் பதிவையும் திருமணப் பதிவையும் பார்த்துவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். ஜெர்மன் மொழியில் வந்த உள்ளூர்ச் செய்தித்தாள்களின் இரங்கல் குறிப்புகளும் இதே உதவியைச் செய்யும்.

ஊர் பெயர் கிடைத்த பின்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும். சிற்றூருக்குத் தனித் தேவாலயம் இல்லாமல் பக்கத்து ஊரின் பங்கில், அதாவது அந்த ஊர்த் தேவாலயத்துக்கு உட்பட்ட எல்லையில், சேர்ந்திருக்கவும் கூடும். 1912-13-இல் வெளியான மேயர் இடப்பெயர்க் களஞ்சியம், ஜெர்மன் பேரரசின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை நிர்வாகப் பிரிவோடு குறிப்பிடுகிறது. அதை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். ஊரின் அருகில் எந்தெந்தப் பங்குகள் எவ்வளவு தொலைவில் இருந்தன என்பதையும் அந்தத் தளம் காட்டுகிறது. ஆர்க்கியோனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

இனி ஆர்க்கியோனுக்கு வருகிறேன். இதில் பெயர் எழுதித் தேடும் பெட்டியை நம்பி யாரும் நுழையக் கூடாது. பெரும்பாலான பதிவேடுகளுக்குப் பெயர்ச் சுட்டி இல்லை. ஆவணக்காப்பகம், அதன் கீழ்த் திருச்சபை வட்டம், அதன் கீழ்ப் பங்கு, அதன் கீழ்ப் பதிவேடு என்று படிப்படியாக இறங்கி, படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். வூர்ட்டெம்பெர்க் பதிவேடுகள் ஸ்டுட்கார்ட்டில் உள்ள திருச்சபை ஆவணக்காப்பகத்தின் பெயரில் இருக்கின்றன. எந்தப் பங்கின் எந்த ஆண்டுகளுக்குப் பதிவேடுகள் ஏற்றப்பட்டுள்ளன என்பதை இலவசமாகப் பதிவுசெய்துகொண்டே பார்த்துவிடலாம். பக்கங்களை முழு அளவில் திறப்பதற்கு மட்டுமே சந்தா தேவைப்படுகிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நேர்மையாகப் பட்டது. என்ன கிடைக்கும் என்று கடைக்குள் நுழைந்து பார்த்த பிறகே பணப்பையைத் திறக்கலாம்.

வூர்ட்டெம்பெர்க்கைப் பொறுத்தவரை இந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு, 1808 முதல் ஒவ்வொரு பங்கிலும் எழுதத் தொடங்கிய குடும்பப் பதிவேடுகளில் இருக்கிறது. இதுபோன்ற ஆவணம் ஜெர்மனியின் எல்லாப் பகுதிகளிலும் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள். மேலே ஒருபுறம் கணவன், மறுபுறம் மனைவி; இருவருடைய பிறந்த நாள், தொழில், பெற்றோரின் பெயர், பெற்றோரின் தாள் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்ற எண். அதன் கீழே பிள்ளைகள் பிறந்த வரிசையில். ஒவ்வொருவருக்கும் பிறப்பு, திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைச் சபையில் உறுதிசெய்யும் சடங்கு), திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள். திருமணமான பிள்ளைக்கு அவருடைய சொந்தத் தாளின் பக்க எண். நாங்கள் தேடியவரின் தந்தை லினன் நெசவாளர். அவருடைய தாளில் ஒன்பது பிள்ளைகள். ஐவரின் பெயருக்கு எதிரே சிலுவைக் குறியும், பிறந்த சில நாள்களுக்கோ வாரங்களுக்கோ உள்ளான ஒரு தேதியும். நான்காவது பெயருக்கு எதிரே, மற்ற குறிப்புகளைவிட வெளிறிய மையில், 1853 என்ற ஆண்டும் அமெரிக்காவுக்குப் போனதாக ஒரு சிறு குறிப்பும். பெயரும் பிறந்த நாளும் மிச்சிகன் அடக்கப் பதிவோடு அச்சாகப் பொருந்தின. அங்கிருந்து பெற்றோரின் பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே போனபோது, அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகள் ஒரே மாலையில் கிடைத்துவிட்டன. சம்பந்தியம்மா அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்து, இறந்துபோன குழந்தைகளின் பெயர்களை வாய்விட்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

அந்தக் குழந்தைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு பிள்ளை இறந்துவிட்டால் அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை இடுவது அங்கே பரவலான வழக்கம். ஆகவே பெயர் பொருந்துகிறது என்று முதலில் கண்ட ஞானஸ்நானப் பதிவை எடுத்துக்கொண்டால், இறந்துபோன அண்ணனை முன்னோராக ஏற்றிவிட நேரும். அடக்கப் பதிவையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். ஆண்களில் பெரும்பாலோருக்கு முதற்பெயர் யோஹான் என்றிருக்கும். அழைத்த பெயர் இரண்டாவதாக வரும். பெண்ணின் குடும்பப் பெயரில் பழைய பதிவுகள் 'இன்' என்ற விகுதியைச் சேர்த்து எழுதும்; அது வேறு குடும்பமன்று.

எழுத்துதான் பெரிய தடை. இந்தப் பதிவேடுகள் குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில் எழுதப்பட்டவை. இன்றைய ஜெர்மானியரிலேயே பலருக்கு அதைப் படிக்க வராது. அதில் சில எழுத்துகள் ஒன்றுபோலவே கூர்கூராக நிற்கும். நன்றாக ஜெர்மன் அறிந்தவரைவிட, அந்த எழுத்தைப் பொறுமையாகப் பார்த்துப் பழகியவரே இங்கே வேகமாக முன்னேறுவார். சொற்கள் மிகக் குறைவு; மகன், மகள், குடியானவன், நெசவாளி, கைம்பெண், மாதப் பெயர்கள் என்று ஐம்பது அறுபது சொற்களைக் கற்றுக்கொண்டால் பெரும்பாலான பதிவுகள் விளங்கிவிடும். மாதங்களைச் சுருக்கி எழுதும் முறையில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். 7 என்ற எண்ணை அடுத்து 'பர்' என்ற சுருக்கம் இருந்தால் அது செப்டம்பர், 8 இருந்தால் அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து இருந்தால் டிசம்பர். செப்டம்பரை ஜூலை என்று எண்ணிப் பிறந்த நாளைத் தவறாகப் பதிந்த குடும்ப மரங்கள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. கையெழுத்தைக் கணினியே படித்துத் தரும் டிரான்ஸ்கிரிபஸ் என்ற கருவி நல்ல துணை. ஆயினும் ஊர் பெயரையும் ஆள் பெயரையும் கண்ணால் சரிபார்க்காமல் அதை ஏற்கக் கூடாது.

படங்களின் தரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. பல பதிவேடுகள் பழைய நுண்படச் சுருள்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால் கறுப்பு வெள்ளையில், மை ஊறிய பக்கங்களில் மறுபக்க எழுத்தும் தெரியும். பக்கத்தைப் பெரிதாக்கவும் திருப்பவும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நிலையான இணைப்பு முகவரியைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது மிக நல்ல ஏற்பாடு. பத்தாண்டு கழித்து யாரேனும் ஆதாரம் கேட்டாலும் அந்தப் பக்கத்தைச் சுட்டிக் காட்டலாம்.

பெயர் எழுதித் தேட விரும்புவோருக்கு ஆன்செஸ்ட்ரி தளத்தில் வூர்ட்டெம்பெர்க் லுத்தரன் பதிவேடுகளின் தொகுப்பு ஒன்று சுட்டியோடு இருக்கிறது. ஊர் பெயர் தெரியாதபோது, அபூர்வமான குடும்பப் பெயராக இருந்தால், அது கைகொடுக்கும். குர்ரென்ட் எழுத்தைப் படித்துத் தொகுத்த எந்தச் சுட்டியிலும் பிழைகள் இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும். ஷ்மிட், முல்லர் போன்ற பெயர்களுக்கு அது பயன்படாது. ஃபேமிலிசெர்ச் தளம் முற்றிலும் இலவசம்; ஆனால் ஜெர்மானியப் பதிவேடுகளில் பலவற்றை அவர்களுடைய மையங்களுக்கு நேரில் சென்றால்தான் பார்க்க முடியும்.

ஆர்க்கியோனில் எல்லாம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது புராட்டஸ்டண்ட் பதிவேடுகளுக்கானது. கத்தோலிக்க முன்னோரைத் தேடுவோருக்கு மேட்ரிக்குலா என்ற தளம் இருக்கிறது. பாசாவ், முன்ஸ்டர், படர்போர்ன் போன்ற மறைமாவட்டங்களின் பதிவேடுகளை அது ஒரு காசும் வாங்காமல் காட்டுகிறது. இன்று போலந்தில் இருக்கும் கிழக்குப் பொமரேனியா போன்ற பகுதிகளின் பதிவேடுகள் 1945-இல் ஏராளமாக அழிந்தன. எஞ்சியவற்றுள் கணிசமானவை போலந்து அரசு ஆவணக்காப்பகங்களில் உள்ளன. 1876 முதல் ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவு நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய பிறப்பு இறப்புகளுக்கு அந்தந்த ஊரின் பதிவு அலுவலகத்தையோ நகர ஆவணக்காப்பகத்தையோ அணுக வேண்டும். பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளும், திருமணப் பதிவு 80 ஆண்டுகளும், இறப்புப் பதிவு 30 ஆண்டுகளும் கழிந்த பிறகே எல்லோர் பார்வைக்கும் திறக்கும்.

தேவாலயப் பதிவு, பிறந்தார், மணந்தார், இறந்தார் என்பதைச் சொல்லும். ஏன் புறப்பட்டார் என்பதைச் சொல்லாது. அதற்கு அரசு ஆவணம் வேண்டும். வூர்ட்டெம்பெர்க்கின் பெரும்பகுதியில் தந்தையின் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிடுவது வழக்கம். தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகி, கடைசியில் ஒரு குடும்பத்தைத் தாங்க முடியாத கீற்றுகளாகிவிட்டது. பாகப்பிரிவினையில் வயல் கீற்றுகளானதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1815-இல் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816-இல் கோடையே இல்லாமல் போய் விளைச்சல் பொய்த்தது. 1840-களின் நடுவில் உருளைக்கிழங்கு நோய் வந்தது. நாட்டைவிட்டு முறைப்படி நீங்குவோர் அனுமதி கோர வேண்டும், குடியுரிமையைத் துறக்க வேண்டும், பின்னர் வந்து கேட்கக்கூடிய கடன்காரர்களுக்காக ஓராண்டுக்கு ஒரு பிணையாளியைக் காட்ட வேண்டும். அந்த விண்ணப்பங்களைக் கொண்டு பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநில ஆவணக்காப்பகம் உருவாக்கிய குடியேறிகள் தரவுத்தளத்தைக் கட்டணமின்றித் தேடலாம். எங்கள் நெசவாளியின் மகனுக்குப் பிணை நின்றவர் அவருடைய தாய்மாமன் என்று அதன் வழியாகத் தேடிப் பெற்ற ஆவணத்திலிருந்து தெரிந்தது. அந்த ஒரு வரிக்காக நான் செலவிட்ட நேரம் முழுவதும் தகும். படைச் சேவையிலிருந்து தப்பவோ கடனுக்கு அஞ்சியோ சொல்லாமல் போனவர்கள் பெரும்பாலும் இந்தத் தரவுத்தளத்தில் இருக்கமாட்டார்கள்.

ஏமாற்றும் சேவைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெர்மானியக் குடும்பப் பெயரைக் கொடுத்தால் குலச் சின்னத்தைச் சட்டம் போட்டு அனுப்புவதாகச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. நான் பெயர் சொல்ல விரும்பாத அப்படி ஒன்றிடம் சம்பந்தி வீட்டார் முன்பே பணம் கொடுத்திருந்தனர். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியதே தவிர, அதே பெயருள்ள எல்லோருக்கும் உரியதன்று. லினன் நெய்து பிழைத்தவர்களின் சுவரில் சிங்கத்தையும் கிரீடத்தையும் மாட்டுவது, அவர்கள் உண்மையில் வாழ்ந்த வாழ்க்கையை மறைப்பதாகும். மரபணுச் சோதனை இதைவிட மேல். தூரத்து உறவினரைக் காட்டித்தரும். ஆனால் எந்தச் சோதனையும் ஊர் பெயரைச் சொல்லாது.

ஆர்க்கியோனின் மாதச் சந்தா 20 யூரோவை ஒட்டியது. நீண்ட காலச் சந்தாக்களும் உண்டு. கட்டணம் மாறக்கூடியது என்பதால் சேரும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை சேருபவர் மாதச் சந்தாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஊர், பங்கு, திருச்சபை வட்டம், தேட வேண்டிய ஆண்டுகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, குர்ரென்ட் எழுத்தை இலவசப் படங்களில் பழகிக்கொண்டு, ஓய்வாக உள்ள மாதத்தில் பணம் கட்டினால் ஒரு குடும்பக் கிளையை 1600-களின் நடுப்பகுதி வரை கொண்டுபோய்விடலாம்.

அதற்கு மேல் போவது ஊரின் விதியைப் பொறுத்தது. வூர்ட்டெம்பெர்க்கில் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை எழுதும் கட்டளை 1558-இலேயே வந்துவிட்டது. ஆனால் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில், 1634-இல் நோர்ட்லிங்கன் சண்டைக்குப் பின் படைகள் நாட்டுக்குள் புகுந்தபோது, தேவாலயங்களோடு சேர்ந்து பல ஊர்களின் பதிவேடுகளும் எரிந்தன. எங்கள் நெசவாளியின் ஊரிலும் முதல் பதிவேடு போருக்குப் பிறகே தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு, துருக்கியப் போருக்கென்று 1540-களில் தண்டிய வரியின் ஊர்வாரிப் பட்டியல்களும், படைத் தகுதி உள்ள ஆண்களின் பட்டியல்களும் ஸ்டுட்கார்ட் அரசு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் அந்தக் குடும்பப் பெயர் அந்த ஊரில் இருந்ததா என்று பார்க்கலாம். யார் யாருடைய மகன் என்று நிறுவ முடியாது. ஆர்க்கியோன் சந்தாவை நான் இப்போது நிறுத்திவைத்திருக்கிறேன். சம்பந்தியம்மாவின் தந்தைவழி ஊர் உறுதியானதும் மீண்டும் ஒரு மாதம் கட்டுவேன்.